நெய்தவர் எந்தக் கட்டத்தில் வருவார்?

ஆரணிப் பட்டுச் சேலை ஒன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு பெரிய ஜவுளிக் கடையில் விரித்துக் காட்டப்படும்போது அதற்குச் சான்று சொல்ல இன்று பல முத்திரைகள் உண்டு. 2004-இல் வந்த சில்க் மார்க், இழை அசல் பட்டு என்று சொல்கிறது. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், அது விசைத்தறியில் ஓட்டியதல்ல, கைத்தறியில் நெய்தது என்று சொல்கிறது. ஆரணிப் பட்டு பெற்றிருக்கும் புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. எது, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் சட்டப்படி விடை கிடைத்துவிடுகிறது. விலை, ரகம், நிறம், சரக்கு வந்த தேதி எல்லாம் பார்கோடில் அடங்கிவிடுகின்றன. யார் நெய்தார், எந்த நோக்கத்தோடு நெய்தார் என்பதற்கு மட்டும் வழக்கமாக இடமில்லை. இது வெறும் கவனக்குறைவா, அல்லது அந்த இரண்டு கேள்விகளின் இயல்பே மற்ற மூன்றிலிருந்து வேறுபட்டதா? வணிகத்தின் கேள்வி போலத் தோன்றும் இதற்கு வணிகவியல் நூல்களில் விடை தேடிப் பயனில்லை. செய்பவன் யார், செய்கருவி எது என்று பிரித்துப் பார்க்கும் சிந்தனை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது; அங்கேதான் தேட வேண்டும்.

அதற்கு முன், இதே இடைவெளி விழுந்திருக்கும் இன்னொரு இடத்தைப் பார்ப்போம். பெரிய நிறுவனங்களை வரைபடமாக்கிப் பார்க்கும் முறைக்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். நூறு கிளைகள் உள்ள ஒரு கடை, கொள்முதல் முதல் பில் போடுவது வரை தன் வேலை முழுவதையும் ஒரே சட்டகத்தில் எழுதிப் பார்த்து, எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, யாரிடம் போகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்டறிய உதவும் முறை அது. அமெரிக்கச் சில்லறை வணிகத் துறை இதற்கெனப் பொதுவான தகவல் மாதிரிகளையே உருவாக்கிக்கொண்டது. இந்தத் துறையின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சொல்வது, ஜான் சாக்மன் 1987-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையை. அதில் தம் சட்டகத்தில் அவர் விரித்து எழுதிய பத்திகள் மூன்றே மூன்று: எது, எப்படி, எங்கே. யார், எப்போது, ஏன் என்ற மற்ற மூன்றும் 1992-இல் ஜான் சோவாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் முழுமையாக இடம்பெற்றன. கணினித் துறையில் ஒருவர் ஐந்து ஆண்டு தள்ளிவைத்த கேள்வியும், நம் கைத்தறிச் சேலையின் முத்திரைகள் இன்றுவரை தள்ளிவைத்திருக்கும் கேள்வியும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் கிடையாது. தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஒரே இடைவெளி விழுகிறது என்றால் காரணத்தைக் கொஞ்சம் ஆழத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

திருவள்ளுவரிடமும் இந்தப் பிரிவினை இருக்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு காரியத்தில் இறங்குமுன் ஐயமறச் சிந்திக்க வேண்டியவை என்று அவர் ஐந்தைச் சொல்கிறார்: பொருள், கருவி, காலம், வினை, இடம். சாக்மன் சட்டகத்தின் பத்திகளோடு இவை ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த ஐந்தில் ஆள் இல்லை. ஆளைப் பற்றிப் பேசுவதற்கு வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று தனி அதிகாரங்களையே ஒதுக்கினார். அங்கே அவர் சொல்லும் முறையும் வேறு. பொருளை எண்ணலாம், காலத்தைக் கணிக்கலாம். ஆளைத் தெளிய வேண்டும். இந்தச் செயலை இந்தக் கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்த பிறகு, அந்தச் செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு. திட்டமிடுவதன் கடைசிப் படி ஒப்படைப்பது என்கிறார். மேலாண்மையைப் பற்றிய இத்தனை நூல்களுக்கு நடுவில் இந்த ஒரு கருத்துக்கு நாம் போதிய மதிப்புத் தரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஏன் ஆளை மட்டும் தனியே வைக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் சொல்வது சைவ சித்தாந்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவியதும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விரித்ததும் ஒரு அடிப்படைப் பிரிவின்மேல் நிற்கின்றன. எந்தக் காரியத்துக்கும் காரணம் மூன்று. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரியும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். முதலிரண்டும் சடம், தம்மைத் தாம் அறியாதவை. மூன்றாவது சித்து; அறிந்து செய்வது. சடத்தை வெளியிலிருந்தே முழுமையாக விவரித்துவிட முடியும். பட்டு எத்தனை கிராம், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தறி எந்த ஊரில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு ஆய்வாளர் வந்து பார்த்து எழுதிப் போகலாம். அறிந்து செய்பவரை அப்படி எழுத முடியாது. அவர் செய்வதில் பாதி, அவர் அந்தந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு. எனவே எது, எப்படி, எங்கே என்ற கட்டங்கள் முதலில் நிரம்புவதும், யார், ஏன் என்ற கட்டங்கள் காலியாகக் கிடப்பதும் தற்செயலல்ல. நிரப்ப எளிதானதை நிரப்பிவிட்டோம்.

தறியில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று ஓடும். உதவிக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கரை ஊடையும் உடல் ஊடையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் இழுப்பு சற்று மிகுந்தால் துணி சுருங்கும், குறைந்தால் கோர்வைக் கோடு வளையும். எவ்வளவு இழுப்பது என்பது பாவின் இறுக்கத்தைப் பொறுத்தது. பாவின் இறுக்கம் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மழை நாளில் பட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் வேலையே நின்றுபோகும். இத்தனையையும் தீர்மானிப்பது நெய்பவரின் கையும் கண்ணும். கடையின் வரைபடத்திலோ அவர் சப்ளையர் பட்டியலில் இருக்கும் ஒரு சங்கத்தின் அல்லது மாஸ்டர் வீவரின் எண்ணுக்குக் கீழே மறைந்திருக்கிறார். தறி எண்ணிக்கை இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை கெஜம் என்ற திறன் இருக்கும். அதாவது நிமித்த காரணத்தைத் துணைக்காரணத்தின் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். குயவனைத் திகிரியோடு சேர்த்து எண்ணுவது சித்தாந்தத்தின்படி இரக்கக் குறைவு மட்டுமல்ல. அது பிழையான அறிவு.

அறிவுப் பிழை என்றால் அதற்கு விளைவும் இருக்கும். உயிருக்குச் சித்தாந்தம் சொல்லும் முக்கியமான இலக்கணம் சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை எடுத்துக்கொள்ளும். ஒரு நிறுவனத்தில் பத்தாண்டு, இருபதாண்டு வேலை செய்பவர் சார்ந்திருப்பது அந்த நிறுவனத்தின் அமைப்பைத்தான். கேட்காத இடத்தில் சொல்லிப் பார்ப்பதை மனிதர் சீக்கிரம் நிறுத்திவிடுவார். கருவியாகவே நடத்தப்படுபவர் கருவியைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்குவார். கோர்வைக் கோடு வளைந்தால் என்ன, கூலி வந்தால் சரி என்று ஆகிவிடுவார். பிறகு அதே நிறுவனம் அவருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி மேற்பார்வையைக் கூட்டும். இதைத் தனி மனிதரின் குறையாகப் பார்ப்பவர்கள், அவர் எதைச் சார்ந்து அப்படி ஆனார் என்று கேட்பதில்லை. வரைபடம் வெறும் தாள்தானே, அதில் தர்மம் அதர்மம் எங்கே வந்தது என்று யாரும் சொல்ல முடியாமல் செய்கிறது இந்த ஒரு கோட்பாடு. உயிர்கள் சாரும் ஒன்றை வரைபவர், அந்த உயிர்களின் வண்ணத்துக்குப் பங்காளி ஆகிறார்.

இதற்கு எதிராக மிகவும் வலுவான வாதம் நடைமுறையிலிருந்து வருகிறது. அதை அவசரமாகத் தள்ளக் கூடாது. நூறு கிளைகளுக்குச் சரக்கு அனுப்பும் கடை, ஒவ்வொரு நெசவாளரையும் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. எண்ணும் குறியீடும் இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது நெசவாளர்தான். கோவையில் எந்த நிறம் விற்கிறது என்ற செய்தி ஆரணிக்கு வராவிட்டால் விற்காத நிறத்திலேயே அடுத்த பாவும் ஏறும். ஒரு பாவில் மூன்று, நான்கு சேலை. அவை சங்கத்தின் அலமாரியில் தேங்கினால் சங்கத்தின் பணம் முடங்கும். அடுத்த பாவு கிடைக்கத் தாமதமாகும். தறி காலியாக நிற்கும். சேலை போய்ச் சேர்ந்ததா, பணம் வந்ததா என்று கணக்கில்லாத இடத்தில் கூலி பாக்கி நிற்பதும் எளிது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது அந்த வரைபடம்தான். எனவே திட்டமே வேண்டாம் என்று சொல்வது நெசவாளருக்குச் செய்யும் உதவி ஆகாது. நான் சொல்வது அதுவும் அல்ல. ஆனால் இந்த வாதத்தைக் கூர்ந்து பார்த்தால் அது என் பக்கமே பாதி சாய்கிறது. தீபாவளிக்குச் சரக்கு வேண்டும் என்று கடை ஆர்டர் கொடுக்கிறது. அதற்கான நெசவு நடக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் இந்த வட்டாரத்தில் அடிக்கடி மழை, குழியில் ஈரம். இத்தனை நாளில் சரக்கு வரும் என்று திட்டத்தில் எழுதியவருக்கு அது தெரியாது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அவரைக் கேட்டு எழுதியிருந்தால் திட்டமே சரியாக இருந்திருக்கும். அறிந்து செய்பவரை அறியாத பொருளாக எண்ணும் திட்டம், திட்டம் என்ற அளவிலும் தோற்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், கூட்டுறவுச் சங்கங்களில் நெய்ததை நாடெங்கும் உள்ள தன் விற்பனை நிலையங்களில் விற்கிறது. கைத்தறிக்கு நம்மிடம் உள்ள பெரிய கடைத்தொடர் அதுதான். உ. சகாயம் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த 2012 முதல் 2014 வரையிலான காலத்தில், பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைக்கும் வழக்கம் வந்தது. யார் என்ற காலிக் கட்டத்தை ஒரு அரசு சார்ந்த கடை நிரப்பியது. இது வெறும் விளம்பரம், நெசவாளரின் முகமும் இப்போது விற்பனைச் சரக்காகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. வாங்குபவர் நெய்தவரைப் பார்க்கிறார். நெய்தவருக்கு வாங்கியவரைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. பாதை ஒரு பக்கமாகவே போகிறது. இன்னொரு குறையும் உண்டு. நெசவு ஒருவர் வேலை அல்ல. தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, கோர்வைக்கு உடன் உட்காருவது என்று வீட்டில் பாதி வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் செய்பவர்களாக எண்ணப்பட்ட 35 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அட்டையில் ஒரு பெயர்தான் வரும் என்றால் அந்த வீட்டில் யாருடைய பெயர் விடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் குறையுள்ள தொடக்கம் தொடக்கம்தான். பெயர் எழுதப்பட்டபின் அவரிடம் கேள்வி கேட்கலாம், பதில் பெறலாம். எண்ணிடம் எதையும் கேட்க முடியாது.

செய்பவரை இப்படித் தனியே வைப்பதற்குப் பௌத்தம் அடிப்படையிலேயே மறுப்புச் சொல்லும். ஆரணி வட்டாரத்துச் செய்யாறு நகரிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ள காஞ்சியில்தான் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரண்டு நிதானங்களைப் போதித்தார் என்கிறது மணிமேகலைக் காப்பியம். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது. நடுவில் நிலையான செய்பவன் என்று ஒருவன் இல்லை. பட்டு, தறி, கை, பழக்கம், பசி எல்லாம் கூடியபோது சேலை உண்டாயிற்று, அவ்வளவே; நிமித்த காரணம் என்று தனியே எதைத் தேடுகிறாய் என்று ஒரு பௌத்தர் கேட்கலாம். நிலையான ஆன்மா உண்டா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஏனென்றால் பௌத்தமும் வினையின் வேரைச் சேதனையில், அதாவது எண்ணத்தில்தான் வைக்கிறது. எண்ணம் பட்டிலும் இல்லை, தறியிலும் இல்லை. ஆக, ஏன் என்ற கட்டத்தைப் பொருள்களின் பட்டியலால் நிரப்ப முடியாது என்பதில் இரு தரப்பும் ஒரே இடத்துக்கே வந்து சேர்கின்றன.

இதைவிடக் கடினமான மறுப்பு சைவத்துக்கு உள்ளிருந்தே எழுகிறது. நான் செய்தேன் என்பது ஆணவம் அல்லவா? தன்செயல் அற்று இறைபணி நிற்பதே முக்திக்கு வழி என்று சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் கூறும்போது, நெசவாளரின் பெயரை அட்டையில் போடு, அவரைச் செய்பவராக மதி என்று கேட்பது அவருடைய ஆணவ மலத்தை வளர்ப்பதாகாதா? நேச நாயனாரின் வரலாறு இதற்கு விடை தருகிறது. காம்பீலியைச் சேர்ந்த நெசவாளரான அவர் மனத்தை ஈசன் திருவடியிலும் நாவை ஐந்தெழுத்திலும் வைத்து, கையால் ஆடையும் கோவணமும் நெய்து அடியார்களுக்குக் கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். அவர் தன்செயலைத் தானே கொடுத்தார். கொடுப்பதற்கு முதலில் அது அவருடையதாக இருந்தாக வேண்டும். ஒருவர் தாமே ஒப்புவிப்பது சரணாகதி. இன்னொருவர் கணக்குப் புத்தகத்தில் அதை அழித்துவிடுவது பறிப்பு. பறிகொடுத்தவருக்கு அதைப் பக்தி என்று சொல்லித் தேற்றுவது பெரிய அநியாயம்.

செய்யாற்றின் திருவோத்தூர்க் கோயிலும் நோக்கத்தைப் பற்றிய ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. தொண்டை நாட்டின் முப்பத்திரண்டு பாடல் பெற்ற தலங்களில் ஒன்றான வேதபுரீசுவரர் கோயில் அது. சிவனுக்காக என்று ஓர் அடியார் வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகிக் காய்க்காமல் போக, பிற சமயத்தார் எள்ளி நகைத்தனர். அவர் ஞானசம்பந்தரிடம் முறையிட, சம்பந்தர் பதிகம் பாட, அவை குலை ஈன்றன என்பது வரலாறு. விளைச்சல் கணக்கில் அந்தப் பனைகளுக்கு நேர் எழுத வேண்டியது பூஜ்யம். அந்த அடியாரின் வருத்தமோ விளைச்சலைப் பற்றியதே அல்ல. தாம் எதற்காக நட்டோமோ அது பழிக்கப்பட்டதே என்பது. அவரிடம் கேட்டாலன்றி அந்த நோக்கம் எந்தக் கணக்குக்கும் வந்திருக்காது.

கைத்தறி பழைய தொழில், அதில் கலை இருக்கிறது, அதனால் இப்படிப் பேசலாம். இன்றைய தொழிற்சாலையில் இது செல்லுமா என்று கேட்கலாம். அதே செய்யாற்றின் சிப்காட் தொழிற்பேட்டையில் தைவானின் ஃபெங் டே குழுமத்துத் தொழிற்சாலை உலகச் சந்தைக்கு நைக்கி காலணிகள் செய்கிறது. சுற்று வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். வரிசை வேலையில் ஒருவர் செய்வது ஒரே ஒரு தையலாக இருக்கலாம். ஆனால் அந்தத் தையல் பிசகியதை முதலில் அறிபவரும் அவரே. ஜப்பானில் டொயோட்டா தன் ஆலைகளில் பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்த வழி வைத்தது. அந்தக் கயிறு, செய்பவர் அறிபவர் என்பதை ஒப்புக்கொண்டு வரைந்த அமைப்பு. வேலை எவ்வளவு சிறியதாக நறுக்கப்பட்டாலும் அறிவு அதில் மிச்சமிருக்கிறது. அமைப்பு அதற்கு வழி விடுகிறதா என்பதே கேள்வி.

ஆகவே கடைகளின் திட்டங்களை வரைபவர்களிடம் என் வேண்டுகோள் இது. வரைபடத்தை முடிக்குமுன் அதைத் தமிழில் எழுதி ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறிக்காரர்கள் கையில் கொடுங்கள். நாள் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். இந்த நாளுக்குள் முடியாது என்று அவர்கள் சொன்னால் அதை எழுதுவதற்கு ஒரு கட்டம் வையுங்கள். பெயர் அட்டையில் தார் சுற்றியவர் பெயரும் வரட்டும். கூலி கொடுக்கும் அன்றே, போன மாதம் நெய்த சேலை எந்த ஊரில் எத்தனை நாளில் விற்றது, வாங்கியவர் ஏதேனும் குறை சொன்னாரா என்ற செய்தியும் நெய்தவர் வீட்டுக்குப் போகட்டும். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எந்தச் சேலை எங்கே, என்று விற்றது என்ற தகவல் பில் போடும் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.